ஆண்மைக் குறைவும் மனமும்: காலந்தோறும் செய்யப்பட்ட மனச் சிகிச்சைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. வேறு ஏதோ பேச வந்ததுபோல் உட்கார்ந்து, கிளம்பும் நேரத்தில் கதவருகே நின்று கேட்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகவே இப்படித்தான் இருந்திருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால், தனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணமாவது விலகும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்மைக் குறைவு என்று எதைச் சொல்கிறோம்?

நம் ஊரில் எல்லாவற்றையும் இந்த ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்துவிடுகிறோம். உண்மையில் இவை வேறுவேறு. விறைப்பு வராமல் போவது, வந்து நிலைக்காமல் போவது ஒன்று. விந்து சீக்கிரம் வெளியேறிவிடுவது இன்னொன்று. வெகுநேரமாகியும் வெளியேறாமலே இருப்பது, ஆசையே எழாமல் இருப்பது ஆகியவை வேறு. குழந்தை பிறக்காமல் இருப்பதற்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. விறைப்பு நன்றாக இருக்கும் ஒருவருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம்.

‘ஆண்மை’ என்ற சொல்லே பாதி நோயைத் தருகிறது என்று எனக்குத் தோன்றும். கண் சரியாகத் தெரியாதவரிடம் போய் உங்களுக்கு ஆண்மை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. 1992-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடும் இதே காரணத்தால்தான் பழைய சொல்லைக் கைவிட்டு ‘விறைப்புக் குறைபாடு’ என்று சொல்லும்படி பரிந்துரைத்தது.

இதில் மனதுக்கும் பங்கு உண்டு என்று முதலில் கண்டவர்கள் யார்?

இன்னார்தான் முதல் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை ஆறு வகை இயலாமையைப் பிரித்துச் சொல்கிறது. அவற்றில் மனதால் வருவது தனி வகை. மனதுக்கு ஒவ்வாத எண்ணங்களாலும், பிடிக்காத துணையோடு சேர நேர்வதாலும் அது வரும் என்கிறது அந்த நூல். சத்துக் குறைவு, உறுப்பில் அடிபடுதல், பிறவிக் குறை எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே மனதுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கிரேக்கத்தில் பழங்கால வைத்தியர் ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று சித்தியர்களைப் பற்றிப் பேசுகிறது. சித்தியர்கள் என்பவர்கள் கருங்கடலுக்கு வடக்கே குதிரை மீதே வாழ்ந்த மக்கள். அவர்களில் வசதி படைத்த ஆண்கள் பலருக்கு இயலாமை வந்தது. அது தெய்வக் குற்றம் என்று அவர்கள் நம்பினார்கள். ஓயாத குதிரைச் சவாரிதான் காரணம் என்கிறார் நூலை எழுதிய வைத்தியர். அவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் தடவை முடியாதபோது அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு, மூன்று தடவை, அதற்கு மேலும் அப்படியே ஆனால், தெய்வத்துக்கு ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்று முடிவுகட்டிப் பெண்ணுடை உடுத்திப் பெண்களோடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். சில தோல்விகளை வைத்துத் தன்னைப் பற்றியே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை இன்றைய ஆலோசனை அறையிலும் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் இதைச் சூனியம் என்று நம்பினார்களாமே?

ஆமாம், பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 1484-இல் போப் எட்டாம் இன்னசென்ட் வெளியிட்ட ஆணை, ஆண்கள் பிள்ளை பெற முடியாதபடி சூனியக்காரர்கள் தடுக்கிறார்கள் என்றே குற்றம் சாட்டியது. சில ஆண்டுகளில் அச்சான ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’ என்ற நூல் இதை இன்னும் விரிவாக்கியது. பிரான்சில் ‘கயிறு முடிதல்’ என்று ஒரு பேச்சு உண்டு. கல்யாணச் சடங்கின்போது யாராவது ஒரு நாடாவில் முடிச்சுப் போட்டு மந்திரம் சொன்னால் மாப்பிள்ளைக்கு அன்றிரவு ஒன்றும் முடியாது என்று நம்பினார்கள். முடிச்சு இருக்கிறது என்று பயந்தவனுக்கு நிஜமாகவே முடியாமல் போனது. போனதும் நம்பிக்கை இன்னும் இறுகியது.

இந்தப் பயத்தால் எத்தனையோ பெண்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். ஓர் ஆணின் பதற்றத்துக்கு எங்கோ இருந்த ஒரு கிழவி விலை கொடுத்தாள் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது.

இதற்காக நீதிமன்றத்தில் சோதனை வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கத்தோலிக்கத் திருமணத்தை முறிக்க இருந்த மிகச் சில வழிகளில் கணவனின் இயலாமையும் ஒன்று. பிரான்சில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ‘காங்கிரஸ்’ என்ற பெயரில் ஒரு சோதனை நடந்தது. கணவனும் மனைவியும் திரைபோட்ட கட்டிலில் இருக்க, வைத்தியர்களும் மருத்துவச்சிகளும் அருகிலேயே காத்திருப்பார்கள். முடிந்ததா இல்லையா என்று பிறகு சோதித்துச் சொல்வார்கள். மார்க்கி த லாங்ஜே என்ற பிரபு இந்தச் சோதனையில் தோற்றார். 1659-இல் அவருடைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பானது; மறுமணமும் கூடாது என்று தடை விதித்தார்கள். அவர் தடையை மீறி வேறொரு பெண்ணை மணந்தார். அந்த மனைவியோடு ஏழு பிள்ளைகள் பிறந்தன. இந்த வழக்கு பெரிய அவமானமாகிப்போக, 1677-இல் பாரிஸ் நாடாளுமன்ற நீதிமன்றம் இந்தச் சோதனையையே ஒழித்தது.

பத்துப் பேர் வெளியே காத்திருக்க, தோற்றால் பெயரும் சொத்தும் போகும் என்ற நிலையில் எந்த ஆணின் உடம்பு ஒத்துழைக்கும்? இயலாமையைக் கண்டுபிடிக்க வைத்த சோதனையே இயலாமையை உண்டாக்கியது.

அந்தக் காலத்தில் யாருமே இதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையா?

ஒருவர் புரிந்துகொண்டார். அவர் வைத்தியர் அல்லர். பிரெஞ்சு எழுத்தாளர் மோன்தேன். 1580-இல் வெளிவந்த கட்டுரைகளில், கற்பனையின் வலிமை பற்றிய ஒன்றில் இந்த விஷயத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

அவருடைய நண்பர் ஒரு பிரபு. அவருக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணை முன்பு விரும்பிய ஒருவரும் விருந்துக்கு வந்திருக்கிறார். யாராவது கயிறு முடிந்துவிடுவார்களோ என்று வீட்டாருக்குக் கவலை. மோன்தேனிடம் ஒரு சிறிய தங்கத் தகடு இருந்தது. வானத்து உருவங்கள் பொறித்த அந்தத் தகட்டை வெயிலால் வரும் தலைவலிக்காக வைத்திருந்தார். ‘பயப்படாதே, முடியாமல் போனால் எனக்கு ஜாடை காட்டு, உனக்காக ஒரு ரகசிய வித்தை செய்கிறேன்’ என்று நண்பரிடம் சொல்லி வைத்தார். நள்ளிரவில் ஜாடை வந்தது. தகட்டை நாடாவில் கட்டி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும், குறிப்பிட்ட ஜெபத்தை மூன்று தடவை சொல்ல வேண்டும், என் மேலங்கியைக் கட்டிலில் விரிக்க வேண்டும் என்று வரிசையாகச் செய்யச் சொன்னார். எல்லாம் அந்த நேரத்தில் தோன்றியவை. நண்பர் அப்படியே செய்தார், குணமானார். பயம் கற்பனையில் பிறந்தது, மருந்தும் கற்பனையிலிருந்தே வந்தது.

அதே கட்டுரையில் இன்னொருவரைப் பற்றியும் சொல்கிறார். அவர் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் போலவே அவருக்காகவும் பொறுப்பேற்கக் கூடியவன் என்று மட்டும் எழுதுவதால், அது மோன்தேன்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு தோழன் தனக்கு நேர்ந்த இயலாமையைச் சொல்லக் கேட்டவருக்கு, அந்தக் கதை சரியான நேரத்தில் நினைவுக்கு வந்து அதே கதி ஆனது. பிறகு அது அவ்வப்போது திரும்பி வந்தது. அவர் கண்ட வழி என்ன தெரியுமா? தனக்கு இப்படி ஆவதுண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. சொன்னதும் இறுக்கம் தளர்ந்தது. எதிர்பார்ப்பு குறைந்ததால் பாரமும் குறைந்தது. இன்று ஆலோசகர் சொல்லும் முதல் யோசனையும் அநேகமாக இதுதான்.

மருத்துவர் ஒருவர் மனச் சிகிச்சையாக இதைச் செய்த முதல் பதிவு எது?

நன்றாக அறியப்பட்ட பழைய பதிவு லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டருடையது. 1786-இல் பால்வினை நோய்கள் பற்றி அவர் எழுதிய நூலில் மனதைப் பொறுத்த இயலாமை என்று ஒரு பகுதி இருக்கிறது.

தன் ஆண்மை போய்விட்டது என்று ஒருவர் வந்தார். ஹன்டர் துருவித் துருவி விசாரித்தார். தேவையற்ற நேரங்களில் நல்ல விறைப்பு வருகிறது. குறிப்பிட்ட ஒரு பெண்ணோடு மட்டும்தான் முடியவில்லை. அவளிடம் நன்றாக நடந்துகொள்ள வேண்டும் என்ற அதீதக் கவலையே தடையாக நிற்கிறது என்று ஹன்டர் கண்டுகொண்டார். அவர் மருந்து கொடுக்கவில்லை. ஆறு இரவுகள் அந்தப் பெண்ணோடு படுத்துக்கொள்ள வேண்டும், ஆசையும் சக்தியும் எவ்வளவு வந்தாலும் உறவு கொள்ளக் கூடாது என்று வாக்குறுதி வாங்கினார்.

இரண்டு வாரம் கழித்து அந்த மனிதர் வந்து நிலைமையே தலைகீழாகிவிட்டது என்றார். முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தோடு கட்டிலுக்குப் போனவர், இப்போது ஆசை மிஞ்சிப்போய் வாக்கை மீறிவிடுவோமோ என்று பயந்தார். ஆறு நாள் தவணையைக் குறைக்க முடிந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தாராம். அதற்குப் பிறகு அவருக்கு அந்தத் தொல்லை திரும்பவில்லை.

இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரு தடையை விதித்து இன்னொரு தடையை அகற்றியிருக்கிறார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய சிகிச்சையின் மையம் இதேதான்.

அப்படியானால் 1786-லிருந்தே எல்லாருக்கும் இப்படிச் சிகிச்சை கிடைத்திருக்க வேண்டுமே?

கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் இன்னொரு பயம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பெயர் போடாத ஒரு துண்டுநூல் வெளியாகி, சுயஇன்பம் கொடிய நோய்களைத் தரும் என்று சொல்லி மருந்தும் விற்றது. 1760-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் டிஸ்ஸோ இதே கருத்தை மருத்துவ மொழியில் எழுதினார். மதிப்பு மிக்க மருத்துவர் என்பதால் ஐரோப்பாவே நம்பியது. விந்து வீணானால் உடல் உருகும், மூளை குன்றும், ஆண்மை போகும் என்றார்கள். 1869-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் ‘நியூரஸ்தீனியா’ என்ற நோய்ப் பெயரைப் பரப்பினார். நரம்பு பலவீனம் என்பதே அதன் பொருள். அவர் இறந்தபின் 1884-இல் வெளிவந்த நூலில் இது பாலியலுக்கும் நீட்டிக்கப்பட்டது.

நரம்புத் தளர்ச்சி என்று சுவரொட்டிகளில் படித்திருப்பீர்கள். அந்த நோய்ப் பெயரின் சாயல் இதில் அப்படியே தெரிகிறது. இங்கே அது, விந்து உயிர்ச்சத்து என்ற நம் பழைய நம்பிக்கையோடு சேர்ந்துகொண்டது. இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரிட்டது இந்தப் பயத்தைத்தான். தாத் என்பது தாது. விந்து வீணாகிறது என்ற நம்பிக்கையால் களைப்பு, மனச்சோர்வு, இயலாமை என்று வருந்துபவர்களை அவர் விவரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலிலும் இது இடம் பெற்றது.

இதைத் தெளிவாகவே சொல்கிறேன். கைப்பழக்கத்தால் விறைப்பு போகாது, நரம்பு தளராது, உறுப்பு சிறுக்காது. சிறுவயதில் செய்த தவறு என்று யாராவது சொல்லி லாட்ஜ் அறையில் வைத்து உங்களுக்கு லேகியம் விற்றால், அவர் உங்கள் பயத்தைக் காசாக்குகிறார்.

ஃபிராய்டு என்ன சொன்னார்?

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் அவர். 1912-இல் எழுதிய கட்டுரையை அவர் தொடங்குவதே, பதற்ற நோய்களை விட்டால் தன் துறையினரிடம் மிக அதிகமாக வரும் புகார் மனவழி இயலாமைதான் என்று சொல்லித்தான். உறுப்பில் குறை இல்லை, ஆசையும் இருக்கிறது, ஆனாலும் சிலரிடம் மட்டும் முடியவில்லை. பாசமும் காமமும் இரண்டு ஓடைகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று சேராமல் போனதே காரணம் என்றார். அப்படிப்பட்ட ஆண் யாரை நேசிக்கிறானோ அவளிடம் ஆசை கொள்ள முடியாது. யாரிடம் ஆசை கொள்கிறானோ அவளை நேசிக்க முடியாது. மூலகாரணத்தைக் குழந்தைப் பருவத்தில், தாயோடும் உடன்பிறந்தாளோடும் உள்ள பிணைப்பில் தேடினார்.

மனைவியைத் தெய்வமாக வைத்துத் தொடத் தயங்குகிற சில ஆண்களைப் பார்க்கும்போது அவர் கவனித்தது வீண் இல்லை என்று நினைப்பேன். ஆனால் சிகிச்சையாக இது மெதுவானது. வாரத்தில் பல நாள், ஆண்டுக்கணக்கில் சோபாவில் படுத்துப் பேச வேண்டும். இயலாமை என்ற குறிக்கு நேராக எதுவும் செய்ய மாட்டார்கள். வேர் சரியானால் அது தானே சரியாகும் என்பது நம்பிக்கை. மனைவி அந்த அறைக்குள் வருவதே இல்லை. அவருடைய சீடர்களில் கார்ல் ஆபிரகாம் 1917-இல் விந்து முந்துவதைப் பெண்கள் மீதான உள்மனப் பகையோடு இணைத்தார். கேட்டவர்களில் எத்தனை பேர் கூடுதல் குற்ற உணர்வோடு வீடு திரும்பினார்களோ!

அதே வியன்னாவில் ஸ்டைனாக் என்பவர் விந்துக்குழாயைக் கட்டி இளமையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார். 1923-இல் ஃபிராய்டே, தன் வாய்ப் புற்றுநோய்க்கு உதவும் என்ற நம்பிக்கையில், அந்த அறுவையைச் செய்துகொண்டார்.

நடத்தைச் சிகிச்சை எப்போது வந்தது?

1950-களில். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1958-இல் வெளியிட்ட நூலில், பதற்றமும் இன்பமும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் தங்க முடியாது என்ற எண்ணத்தைச் சிகிச்சையாக்கினார். பதற்றம் எழாத எல்லை வரை மட்டும் நெருங்கு, அதற்கு மேல் போகாதே, மனைவியும் எதையும் எதிர்பார்க்க வேண்டாம், அடுத்த நாள் எல்லை தானாகக் கொஞ்சம் நகரும் என்றார். ஹன்டரின் யோசனைதான் வேறு பாதையில் வந்து சேர்ந்திருக்கிறது.

விந்து முந்துதலுக்கு 1956-இல் அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஜேம்ஸ் செமன்ஸ் எளிய பயிற்சி ஒன்றைச் சொன்னார். துணையின் உதவியோடு தூண்டல், வெளியேறப் போகிறது என்று தோன்றும்போது நிறுத்தல், அடங்கியதும் மறுபடி. வருடக்கணக்கில் உள்மனத்தைத் தோண்டிய இடத்தில் சில வாரப் பயிற்சி வந்து நின்றது. அதற்கு முன்பே, 1948-இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் கின்சி, ஆண்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள் என்றும், அதை நோய் என்று சொல்லவே கூடாது என்றும் எழுதியிருந்தார். துணையின் விருப்பத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்பது அவர் கருத்தின் குறை.

மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் அப்படி என்ன புதிதாகச் செய்தார்கள்?

வில்லியம் மாஸ்டர்ஸ் மகப்பேறு மருத்துவர். வர்ஜீனியா ஜான்சன் மருத்துவப் பட்டம் பெறாதவர். மாஸ்டர்ஸின் உதவியாளராகச் சேர்ந்து இணை ஆய்வாளரானவர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பாலுறவின்போது உடலில் என்ன நடக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்து 1966-இல் ஒரு நூல் எழுதினார்கள். 1970-இல் வந்த இரண்டாவது நூல்தான் சிகிச்சையைப் பற்றியது.

அவர்களுடைய முதல் விதி இது: சம்பந்தமே இல்லாத துணை என்று யாரும் கிடையாது. நோயாளி கணவன் இல்லை, மனைவியும் இல்லை. அவர்களுக்கு இடையே உள்ள உறவுதான் நோயாளி. ஆகவே இருவரும் சேர்ந்து வர வேண்டும். சிகிச்சை தருபவர்களும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருப்பார்கள். அப்போதுதான் கணவனின் மனதையும் மனைவியின் மனதையும் எடுத்துச் சொல்ல ஆள் இருக்கும். இரண்டு வாரம் ஊரைவிட்டு வந்து தங்கி, தினமும் சந்திக்க வேண்டும்.

இரண்டாவது, உடலுறவுக்குத் தடை. முதல் நாட்களில் பிறப்புறுப்பையும் மார்பையும் தொடவே கூடாது. ஒருவர் மாற்றி ஒருவர் முதுகு, கை, முகம், கால் என்று தொட வேண்டும். கிளர்ச்சி உண்டாக்குவதற்காக இல்லை. தோலின் சூடு, மென்மை, சொரசொரப்பு எப்படி இருக்கிறது என்று கவனிப்பதற்காக. இதற்கு ‘சென்சேட் ஃபோகஸ்’ என்று பெயர் வைத்தார்கள். புலன் மீது கவனம் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு படிப்படியாகப் பிறப்புறுப்பும் சேரும். அங்கும் விறைப்பு வர வேண்டும் என்ற கட்டளை கிடையாது. வந்தால் வரட்டும், போனால் போகட்டும். வந்து, போய், மறுபடி வருவதைக் கண்ணால் பார்த்த மனிதனுக்கு, போனால் திரும்பாது என்ற பயம் கரைகிறது. உறவு கடைசியில்தான், அதுவும் பரீட்சையாக இல்லாமல்.

ஏன் இவ்வளவு சுற்றுவழி? அவர்கள் கண்ட இரண்டு எதிரிகளால். ஒன்று, செய்து காட்ட வேண்டுமே என்ற பதற்றம். மற்றொன்றைப் ‘பார்வையாளர் நிலை’ என்றார்கள். கட்டிலில் இருந்துகொண்டே மனிதன் கட்டிலுக்கு வெளியே போய் நின்று தன்னையே வேடிக்கை பார்க்கிறான். ‘விறைத்திருக்கிறதா? குறைகிறதா? அவளுக்குத் தெரிந்துவிட்டதா?’ இப்படிக் காவல் காக்கிறவனுக்கு இன்பம் எங்கிருந்து வரும்? விறைப்பு தூக்கத்தைப் போல. வா என்று அதட்டினால் வராது.

அவர்கள் சொன்ன வெற்றிக் கணக்கை நம்பலாமா?

அவர்கள் வெற்றியைச் சொல்லாமல் தோல்வி விகிதத்தைச் சொன்னார்கள். விந்து முந்துதலில் தோல்வி இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ஒருபோதும் உறவு கொள்ள முடியாதிருந்த ஆண்களில் 40.6 சதவீதம் பேருக்குப் பலனில்லை. முன்பு முடிந்து பிறகு முடியாமல் போனவர்களில் கால்வாசிக்குச் சற்று மேல். ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து விசாரித்ததாகவும் எழுதினார்கள்.

1980-இல் பெர்னி சில்பர்கெல்ட், மைக்கேல் எவன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். எதைத் தோல்வி என்கிறீர்கள், எப்படி அளந்தீர்கள் என்று நூலில் தெளிவே இல்லையே என்றார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. செயின்ட் லூயிஸுக்கு இரண்டு வாரம் வந்து தங்க வசதியும் மனமும் இருந்த தம்பதிகள் ஏற்கெனவே பாதி குணமடைந்தவர்கள் மாதிரிதான். மற்ற இடங்களில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஆனால் முறை நிலைத்துவிட்டது.

ஆசையே இல்லாதவர்களுக்கு?

நியூயார்க்கில் மனநல மருத்துவர் ஹெலன் சிங்கர் கேப்லன் இந்த ஓட்டையைத்தான் பிடித்தார். 1974-இல் வந்த அவருடைய நூல், பயிற்சியையும் உள்மன ஆய்வையும் சேர்த்து வைத்தது. முதலில் பயிற்சி, பயிற்சியைத் தம்பதி செய்யாமல் தட்டிக் கழித்தால், அந்தத் தட்டிக்கழித்தலுக்குள் என்ன கோபம், என்ன பயம் இருக்கிறது என்று பார்ப்பது. பிறகு 1970-களின் பிற்பகுதியில், விறைப்புக்கும் உச்சத்துக்கும் முன்னால் ஆசை என்று தனிக்கட்டம் ஒன்று உண்டு, அது பழுதானால் தொடுகைப் பயிற்சி மட்டும் போதாது என்றார்.

பதற்றம்தான் எப்போதும் காரணமா?

எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1983-இல் உளவியலாளர் டேவிட் பார்லோவும் சகாக்களும் நடத்திய சோதனை அதை அசைத்தது. எந்தக் குறையும் இல்லாத ஆண்களிடம், மின் அதிர்ச்சி வரக்கூடும் என்று மிரட்டிவிட்டுப் பாலியல் படம் காட்டினார்கள். விறைப்பு குறையும் என்று எதிர்பார்த்தால் கூடியது. 1986-இல் பார்லோ இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பதற்றம் தன்னளவில் எதிரி இல்லை. கவனம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். குறை இல்லாதவரின் கவனம் பதற்றத்திலும் துணை மீதே குவிகிறது. குறை உள்ளவரின் கவனம் ‘முடியாமல் போனால் என்ன ஆகும்’ என்பதில் போய் விழுகிறது. பார்வையாளர் நிலை என்று முன்பு சொன்னதற்கு இப்படி ஓர் ஆய்வு அடிப்படை கிடைத்தது. இன்று விழிப்புணர்வுத் தியானம் போன்ற கவனப் பயிற்சிகளை இதற்குப் பயன்படுத்துவதும் இந்த வழியில்தான்.

என் பிரச்சினை மனதா, உடம்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹன்டர் கேட்ட கேள்விகளே இன்றும் முதல் கேள்விகள். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? தனியாக இருக்கும்போது? திடீரென்று ஒரு நாள் ஆரம்பித்ததா, மெல்ல மெல்லக் குறைந்ததா? தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், ஆரோக்கியமான ஆணுக்குப் பல தடவை விறைப்பு வரும். இதை வைத்து 1970-களில் தூக்க ஆய்வுக்கூடச் சோதனைகள் வந்தன. 1980-இல் தபால்தலை வரிசையை இரவில் சுற்றி ஒட்டிவைத்து, காலையில் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய முறையைக்கூட மருத்துவர்கள் எழுதினார்கள்.

ஆனால் இரண்டில் ஒன்று என்று பிரிப்பதே முழுச் சரியில்லை. சர்க்கரை நோயால் விறைப்பு கொஞ்சம் தளர்கிறது. அதைக் கண்டு பயந்து பதற்றம் வந்ததும் மீதியும் போய்விடுகிறது. அங்கே உடம்பும் உண்டு, மனமும் உண்டு. ஒரு காலத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மனம்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார்கள். அது தவறு. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மெதுவாக வரும் விறைப்புக் குறை, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சாப்பிடும் மாத்திரைகள், புகை, குடி எல்லாவற்றையும் பார்க்காமல் ‘எல்லாம் மனசுதான்’ என்று யாராவது அனுப்பினால், வேறு மருத்துவரைப் பாருங்கள்.

வயாகரா வந்த பிறகு மனச் சிகிச்சைக்கு என்ன வேலை?

1983-இல் லாஸ் வேகாஸ் மாநாட்டில் பிரிட்டன் ஆய்வாளர் கைல்ஸ் பிரிண்ட்லி, தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்து, கிளர்ச்சி ஏதும் இல்லாமலே மருந்தால் விறைப்பு வரும் என்று சக மருத்துவர்கள் முன்னால் நிரூபித்தார். 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் சில்டெனாஃபில், அதாவது வயாகரா, அனுமதி பெற்றது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது உண்மையான விடுதலை. மறுக்கவே மாட்டேன்.

ஆனால் மாத்திரை ஆசையைத் தராது, சண்டையைத் தீர்க்காது, கிளர்ச்சி இருந்தால்தான் வேலையே செய்யும். பலர் முதல் சீட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். 2007-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, குழுச் சிகிச்சை விறைப்புக் குறைக்குப் பயன் தருகிறது என்றும், சில்டெனாஃபிலோடு குழுச் சிகிச்சையும் சேர்ந்தால் மாத்திரை மட்டும் எடுப்பதைவிட நல்ல பலன் என்றும் கண்டது. விந்து முந்துதலிலும் இப்போது மாத்திரையும் பயிற்சியும் கைகோத்துத்தான் போகின்றன. ஒன்று முக்கியம்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து சாப்பிடுபவர் சில்டெனாஃபில் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு இறங்கிவிடும். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள்.

ஆலோசனைக்குப் போனால் என்ன கேட்பார்கள்? மனைவியும் வர வேண்டுமா?

பேச்சுதான். உடையைக் களைய வேண்டியது மருத்துவப் பரிசோதனையில் மட்டுமே. ஆலோசகர் அறையில் இல்லை. எப்போது தொடங்கியது, அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது, வேலை எப்படி, தூக்கம் எப்படி, உங்களைப் பற்றி நீங்களே என்ன நினைத்துக்கொள்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு தடவை முடியவில்லை என்பதை, நான் ஆணே இல்லை என்று மனம் எப்படி மொழிபெயர்த்துக்கொள்கிறது என்பதைச் சேர்ந்து பார்ப்பார்கள். வீட்டில் செய்யப் பயிற்சி தருவார்கள். மனைவி வந்தால் மிக நல்லது. அவர் தன்னிடம்தான் ஏதோ குறை, தன்னைப் பிடிக்கவில்லை என்று இத்தனை நாள் தனியாக அழுதிருக்கலாம். தனியாக வருபவருக்கும், திருமணமாகாதவருக்கும் சிகிச்சை உண்டு.

கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகிறது. முதலிரவிலிருந்து முடியவில்லை. வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில், இதற்கு இன்னும் நோய்ப் பெயர் கிடையாது. 2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடுகூட, கிட்டத்தட்ட ஆறு மாதம் நீடித்து, முயன்ற தடவைகளில் முக்கால்வாசிக்குக் குறையாமல் நடந்தால்தான் கணக்கில் எடுக்கிறது. பத்து நாள் முன்புதான் அறிமுகமான இரண்டு பேர், வெளியே சொந்தக்காரர்கள் விழித்திருக்கும் வீட்டில், அலங்கரித்த கட்டிலில். லாங்ஜே பிரபுவின் நிலைமை நினைவிருக்கிறதா?

வீட்டில் கேட்பவர்களுக்கு, நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்பதற்கு மேல் பதில் சொல்ல வேண்டாம். முடிந்தால் நாலு நாள் வெளியூர் போங்கள். புதிதாக மணந்தவர்களுக்கு மோன்தேன் சொன்னதும் இதுதான்: உங்களிடம் நேரம் நிறைய இருக்கிறது, தயாராக இல்லாதபோது அவசரப்பட்டு முயலாதீர்கள், முதல் தோல்வியில் நொந்துபோய் நிரந்தரத் துயரத்தில் விழுவதைவிடக் காத்திருப்பது மேல்.

இன்றிரவு மனைவியிடம் சொல்லுங்கள்: “எனக்குப் பதற்றமா இருக்கு. உன்னைப் பிடிக்காம இல்லை. ஒரு வாரத்துக்கு ஒண்ணும் வேண்டாம், சும்மா பேசிட்டுப் படுத்துக்கலாம்.” அந்த ஒரு வாரத்தை அப்படியே காப்பாற்றுங்கள். கை பிடிக்கலாம், தலை கோதலாம், அதற்கு மேல் ஆசை வந்தாலும் தவணை முடியட்டும். மறக்காமல் காலை விறைப்பு இருக்கிறதா என்று மட்டும் கவனித்து வையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.